உங்கள் பெயரில் நின்ற மாடுகள்

எப்போதும் வேலிப் படலைக்கு இரண்டு முடிச்சுப் போடும் என் மாமாவுக்கு,

வருகிற மாதம் உங்கள் திவசம். பத்திரிகையில் படம் போட்டு நாலு வரி எழுதுவிக்கலாம் என்று உங்கள் மகன் சொன்னார். அச்சுக்கடையில் மாதிரிகள் வைத்திருக்கிறார்கள், பெயரை மட்டும் மாற்றினால் போதும். ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இறந்தவர் தீபமாக இருந்தார், இல்லையென்றால் ஆலமரமாக இருந்தார். நீங்கள் இரண்டும் இல்லை. அதனால் நானே எழுதுகிறேன் என்று பொறுப்பெடுத்துக்கொண்டேன்.

எழுதுவதற்கு ஒரு கதையும் வந்து சேர்ந்திருக்கிறது. அதில் பாதி உங்களுக்கு மட்டும் தெரிந்தது. மற்றப் பாதி நீங்கள் போன பிறகு நடந்தது. உங்களை அறியாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையும் இடைக்கிடை சொல்லவேண்டி வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஒருவரையும் நம்பாத மனிதர். ஸ்கந்தபுரத்திலிருந்து உங்கள் மகனைக் கலியாணம் முடித்து, துணுக்காய்ப் பக்கம் இந்த வீட்டுக்கு நான் வந்த புதிதில், உலை வைத்துவிட்டு நான் வெளியே போனால் நீங்கள் குசினிக்குள் போய் அரிசிப் பானையைத் திறந்து பார்ப்பீர்கள். மாங்குளத்துக் கடையில் வாங்கிய சீனியை வீட்டில் மறுபடி நிறுப்பீர்கள். பால் எடுக்க வருகிறவரின் அளவை நம்பாமல் சொந்தமாக ஒரு அளவை வைத்திருந்தீர்கள்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் உங்கள் மகன் சொன்னார். யுத்தத்தில் ஒரு பட்டி மாட்டை அப்படியே விட்டுவிட்டு நடந்தவராம் நீங்கள். முகாமிலிருந்து திரும்பி வந்தபோது, உங்கள் குறி சுட்ட மாடுகள் யார் யாருடைய பட்டிகளிலோ நின்றனவாம். போய்க் கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருந்ததாம். ஒன்றும் திரும்பி வரவில்லை. இரண்டு இளம் நாகுகளை வாங்கி மறுபடி தொடங்கியிருக்கிறீர்கள்.

அதனால்தான் ஒவ்வொரு பின்னேரமும் பட்டி வாசலில் நின்று மாடுகளை எண்ணினீர்கள். மழை பெய்தாலும் எண்ணினீர்கள். காய்ச்சலில் கிடந்த நாளிலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு போய் எண்ணிவிட்டு வந்துதான் கஞ்சி குடித்தீர்கள்.

கொரோனா வந்து ஊரடங்கு போட்டபோது பால் வண்டி வருவது நின்றது. கறந்ததைத் தயிராக்கினோம். தயிரை வாங்கவும் ஆளில்லை. கடைசியில் கறப்பதை விட்டுவிட்டுக் கன்றுகளைக் குடிக்க விட்டோம். அப்போதுதான் கமக்காரருக்கும் மாடு வளர்ப்போருக்கும் அரசாங்கம் உதவிக் காசு தரப்போகிறது என்று பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். கதிரைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். மாடு வளர்ப்போர் சங்கச் செயலாளர் செல்வரத்தினம் அண்ணைதான் விளக்கம் சொன்னார். காசு வேண்டுமென்றால் மாடுகளுக்குக் காதுத் தகடு போடவேண்டும், எத்தனை மாடு என்றும் எங்கே மேய்கின்றன என்றும் பதியவேண்டும் என்றார்.

நீங்கள் எழும்பினீர்கள். "தாறதெண்டா தாங்கோ. ஏன் எண்ணுறியள்? எங்க மேயுதெண்டு ஏன் கேக்கிறியள்? நாளைக்கு அந்த இடத்தில எல்லைக்கல்லு நடவோ?"

"அண்ணை, இது கொரோனாக் காசு. காணியோட இதுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை."

"முதல் அப்பிடித்தான் சொல்லுவினம். எங்கட வீட்டுக்கு வேண்டாம்."

அதோடு இருந்திருக்கலாம். பின்வரிசையில் இருந்த சலீம் நானாவைத் திரும்பிப் பார்த்து இன்னொன்றும் சொன்னீர்கள். "உவருக்கும் குடுக்காதேங்கோ. உவர் புத்தளத்திலயும் எடுப்பார், இஞ்சயும் எடுப்பார்."

சலீம் நானாவின் ஆட்களை, முஸ்லிம்களை, யுத்த காலத்தில் முல்லைத்தீவிலிருந்து ஒரேயடியாக வெளியேற்றினார்கள். புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே பிள்ளைகளையும் பெற்று, பிறகு வாப்பாவின் தொழிலைச் செய்யவென்று தனியாகத் திரும்பி வந்தவர். குளத்து அலைகரையில், தண்ணீர் வற்றப் புல் முளைக்கிற அந்த இடத்தில், உங்கள் பட்டிக்குப் பக்கத்தில்தான் அவருடைய பட்டி. உங்கள் கன்று ஒன்று அவர் பட்டியில் கலந்து நின்றதற்காக ஒரு வருடம் அவரோடு கதைக்காமல் இருந்தீர்கள். அன்றைக்கும் அவர் மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்களால் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு உங்கள் மகன் உழவு இயந்திரத்துக்குப் பாகம் வாங்க வவுனியாவுக்குப் போய் வந்தார். கடைக்காரருக்கு நோய் என்று தெரியவர, நம் வீட்டை மூடிப் படலையில் ஒரு தாளை ஒட்டிவிட்டார்கள். வீதியால் போனவர்கள் மறுகரையால் போனார்கள். பட்டியில் மாடுகள் இருந்தன, போக ஆளில்லை. நீங்கள் சாப்பிடவும் இல்லை, படுக்கவும் இல்லை.

அடுத்த நாள் காலையில் வேலியோரம் ஒரு பால் வாளி இருந்தது. "ஆர் வைச்சது?" என்று உள்ளே இருந்து கத்தினீர்கள். வேலிக்கு அப்பால் இருந்து, "நான்தான் சலீம், அண்ணன். மாடு எல்லாம் நிக்குது" என்று குரல் வந்தது. ஒவ்வொரு நாளும் வாளி வந்தது.

வீட்டைத் திறந்துவிட்ட அன்று நீங்கள் செருப்பும் போடாமல் பட்டிக்கு ஓடினீர்கள். திரும்பி வந்தபோது நான் கேட்டேன். "எல்லாம் சரியா நிக்குதோ மாமா?"

"ஒரு கண்டு கூடுதலா நிக்குது பிள்ளை. மயிலை ஈண்டிருக்கு." அதைக்கூடச் சந்தேகத்தோடுதான் சொன்னீர்கள்.

ஊரில் எல்லாருக்கும் காசு வந்தது. நமக்கு வரவில்லை. உங்கள் மகன் பல நாள் உங்களோடு கதைக்கவில்லை. நான் நடுவில் நின்று இருவருக்கும் சோறு போட்டேன். அதோடு அந்தக் கதை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். நெஞ்சு நோவோடு நீங்கள் படுத்து, எங்களை விட்டுப் போனீர்கள். அப்போதும் அந்தக் காசைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

இனி உங்களுக்குத் தெரியாத பாதி.

இந்த மாரிக் காலபோகத்தில் குளிர்காற்றோடு ஒரு மழை அடித்தது. மாடுகள் நின்ற நிலையிலேயே விறைத்து விழுந்தன. மயிலையும் போய்விட்டது மாமா. நம் பட்டியில் பாதிதான் மிச்சம். செத்த மாடுகளுக்கு நட்டஈடு தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு மிருக வைத்தியர் கந்தோருக்குப் போனேன். அங்கே இருந்தவ ஒரு இளம் பிள்ளை. உங்கள் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தா.

"உங்கட மாமாவின்ர பேரில மாடு பதிஞ்சிருக்குத்தானே அக்கா. தகடும் போட்டிருக்கு. கொரோனா நேரம் காசும் போயிருக்கு."

"இருக்காது மிஸ். அவர் வேண்டாம் எண்டு சொன்னவர். எங்கட ஒரு மாட்டுக்கும் தகடு இல்லை."

"அப்ப தகடு போட்ட மாடு எங்க நிக்குது?" என்று கேட்டா. "இந்தக் கிழமைக்குள்ள நான் நேர வந்து பாக்கவேணும்" என்றா. முகம் மாறியிருந்தது. கள்ளரைப் பார்க்கிற பார்வை அது.

வரும் வழியெல்லாம் உங்கள் புத்தி எனக்கு வந்தது. முதலில் செல்வரத்தினம் அண்ணையைச் சந்தேகித்தேன். கூட்டத்தில் நீங்கள் வேண்டாம் என்றதைக் கேட்டவர், பதிவுகளைக் கையில் வைத்திருந்தவர். வீட்டுக்கு வந்ததும் உங்கள் மகனைப் பார்த்தேன். அந்த வருடம்தானே இவர் மோட்டார் சைக்கிள் வாங்கினார்?

"இஞ்சேருங்கோ, மாமாவின்ர பேரில நீங்கள் காசு எடுத்தனீங்களோ?" என்று நேரே கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனார். அது கோபமா, பயமா என்று தெரியாமல் நான் குசினியில் நின்றேன்.

மறுநாள் செல்வரத்தினம் அண்ணையிடம் போனேன். அவர் சிரித்தார்.

"என்னில சந்தேகமோ தங்கச்சி? உங்கட மாமனார் வங்கியில எனக்கு முன்னால நிண்டவர். என்னைக் கண்டதும் மாஸ்க்கைக் கண் வரைக்கும் இழுத்தவர். ஊருக்கு ஒரு கதை, உள்ளுக்கு ஒரு கதை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதை விடுங்கோ. அந்த மாடு இப்ப ஆரின்ர பட்டியில நிக்குது தெரியுமோ? சலீமின்ர பட்டியில. காதில இருக்கிற தகட்டு நம்பர் உங்கட மாமான்ர. செத்த மனுசன்ர மாட்டை வைச்சுக் கறந்துகொண்டிருக்கிறார். பொலிசில ஒரு முறைப்பாடு போடுவம். சட்டப்படி அது உங்கட மாடு."

உங்கள் மகனிடம் இதைச் சொன்னபோது அந்த மாடுகளைக் கட்டி வர அவர் உடனே கயிறு எடுத்தார். பட்டியில் பாதி செத்துக் கிடந்த நேரம் அது. பிள்ளைகளின் படிப்பு, சிறுபோகத்துக்கு விதை எல்லாம் நம் மாடுகளில்தான் தொங்கின. நான்தான் மறித்தேன். முதலில் நான் போய்க் கேட்கிறேன் என்றேன்.

சலீம் நானா பட்டியில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் கூடையை வைத்துவிட்டு நிலத்தில் குந்தினார்.

"உங்கட வீட்டைத் திறந்த பிறகு அண்ணன் ஒரு நாள் இஞ்ச வந்தார் மகள். 'உனக்கு ரெண்டு பக்கத்தாலயும் காசு வருதோ?' எண்டார். ஒரு பக்கத்தாலயும் இல்லை எண்டன். புத்தளத்தில கேட்டா மாடு அங்க எண்டுறாங்கள். இஞ்ச கேட்டா குடும்பப் பதிவுக் காட் அங்க எண்டுறாங்கள். அண்ணன் நம்பேல்லை. புத்தளத்துக்குப் போன் எடுத்துத் தா எண்டு என்ர மகளோட கதைச்சார். பிறகுதான் நம்பினார்."

"அதுக்குப் பிறகு?"

"தகடு போட வந்த ஆக்களை அண்ணன் தானே காட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு வந்தார். உங்கட மாடுகளை மற்றப் பக்கத்தால கலைச்சுவிட்டுப் போட்டு, என்ர மாட்டைக் காட்டி, இது சலீமிட்ட வாங்கினது, இப்ப என்ர எண்டார். வந்த காசை எடுத்து என்ர கையில தந்தார். வேண்டாம் அண்ணன், பிறகு பிரச்சினை வரும் எண்டன். கேக்கேல்லை."

"ஏன் எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நானும் அதைத்தான் கேட்டன். 'வீட்டில தெரிஞ்சா விசாரணை வரேக்க அதுகளும் பொய் சொல்லவேண்டி வரும். பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது, தடக்குவாள்' எண்டார்."

பிறகு அவர் எழும்பிப் பட்டி வாசல் தடியை உருவினார். "சட்டம் உங்கட பக்கம். கொண்டு போங்க மகள். நான் வழக்குக்கு நிக்க மாட்டன்."

நான் கொண்டு போகவில்லை. அவரை நம்பியதால் இல்லை. இறந்தவர் எழும்பி வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை, ஆரும் எதையும் சொல்லலாம். மாடுகளில் இருந்தது அவருடைய வாப்பா காலத்துக் குறி. ஆனால் விற்ற மாட்டிலும் விற்றவரின் குறிதான் இருக்கும். நீங்கள் உண்மையாகவே அந்த மாடுகளை வாங்கியிருந்தால்? வாங்கிய மாட்டை அவரிடம் பார்க்கக் கொடுத்திருந்தால்? உங்கள் பழைய மாடுகளை வைத்திருந்தவர்களிடமும் இப்படித்தானே ஒரு கதை இருந்தது?

"நம்புறியோ?" என்று உங்கள் மகன் கேட்டார். "தெரியேல்லை" என்றேன்.

இரண்டு மூன்று நாள் அந்தக் கேள்வியோடு திரிந்தேன். வேலை செய்யும்போதெல்லாம் உங்களைத்தான் யோசித்தேன். நீங்கள் படுக்கையில் இருந்த அந்தக் கடைசி மாதங்கள் நினைவுக்கு வந்தன. பின்னேரமானால் என்னைக் கூப்பிட்டு, நம் மாடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்பீர்கள். மயிலை வந்துட்டுதோ, நரையன் வந்துட்டானோ, அந்தக் கொம்பு முறிஞ்சது வந்துட்டுதோ. சலீம் நானாவின் பட்டியில் நின்ற ஒரு மாட்டையும் ஒரு நாளும் கேட்கவில்லை. சுகமாய் இருந்த காலத்திலும் அந்தப் பட்டி வாசலில் நின்று நீங்கள் எண்ணியதை நான் கண்டதில்லை.

சீனியை மறுபடி நிறுத்த மனிதர், சொந்த மாட்டை இன்னொருவர் பட்டியில் விட்டுவிட்டு எண்ணாமல் படுப்பாரா? அந்த இடத்தில்தான் எனக்குத் தெளிந்தது. அந்த மாடுகள் உங்களுடையவை இல்லை.

உங்கள் மகனிடம் சொன்னேன். எடுத்து வைத்திருந்த கயிற்றைத் திரும்ப மாட்டினார். பிறகு, "அப்பா என்னை நம்பேல்லை, சலீம் நானாவை நம்பியிருக்கிறார்" என்றார். அது எனக்கும் நொந்தது. ஆனால் முகாமில் ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுக் கேள்வி கேட்ட நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒன்றும் தெரியாதவர்களால்தான் பயமில்லாமல் தெரியாது என்று சொல்லமுடியும் என்று அங்கேதான் படித்திருப்பீர்கள். நம்பாததாலா சொல்லவில்லை, எங்களைக் காக்கவா சொல்லவில்லை? இதை நான் ஆரிடம் கேட்பேன்?

கந்தோர்ப் பிள்ளை வந்தா. செல்வரத்தினம் அண்ணையும் வந்தார், ஊரில் இன்னும் சிலரும் வந்தார்கள். சலீம் நானாவின் மாடுகளை மறித்து, காதுத் தகடுகளைப் பார்த்து எழுதினார்கள். எல்லாம் உங்கள் நம்பர்கள். பின்னால் நின்ற ஒருவர், "பிடிபட்டார்" என்றார். சலீம் நானா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இது என்ர மாடு மிஸ், அண்ணன் தன்ர பேரில போட்டவர்" என்று அவர் சொன்னதை ஆரும் காதில் வாங்கவில்லை.

"வாங்கின மாடெண்டுதான் அவர் பதிஞ்சிருக்கிறார். இல்லையெண்டு சொல்ல உங்களிட்ட சாட்சி இருக்கோ?" என்று அந்தப் பிள்ளை கேட்டா.

சாட்சிக்கு ஒருவரும் இல்லை. இருந்த ஒரே ஆளும் நீங்கள்தான்.

நான் முன்னுக்குப் போனேன். "நான் சாட்சி மிஸ். வாங்கேல்லை. எங்கட வீட்டில எல்லாரும் இருந்து கதைச்சு எடுத்த முடிவு இது. மாமா சொல்லேக்க நானும் பக்கத்தில இருந்தனான். காசு சலீம் நானாவுக்குத்தான் போனது."

அவ எழுதுவதை நிறுத்திவிட்டு உங்கள் மகனைப் பார்த்தா. "நீங்களும் இருந்தனீங்களோ?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "ஓம், இருந்தனான்" என்றார்.

தடக்கவில்லை மாமா. இரண்டு பேரும் தடக்கவில்லை.

சலீம் நானாவின் குடும்பக் காட் இப்போது இங்கே மாறிவிட்டது. அதனால் மாடுகளை அவர் பெயருக்கு மாற்ற வழி இருந்தது, மாற்றிவிட்டார்கள். பிழையான பெயரில் காசு எடுத்ததை மேலிடத்துக்கு எழுதவேண்டும், மாவட்டச் செயலகமான கச்சேரியிலிருந்து கூப்பிடுவார்கள் என்றா அந்தப் பிள்ளை. நமக்குச் செத்த மாடுகளுக்கு ஒன்றும் இல்லை, தகடு இல்லாத மாடு கணக்கில் இல்லாத மாடு. செல்வரத்தினம் அண்ணை இப்போது புதுக் கதை ஒன்று சொல்லித் திரிகிறார். அந்தக் காசில் எங்களுக்கும் சலீம் நானாவுக்கும் பங்காம். கடைக்குப் போனால் கதை நின்றுவிடுகிறது. செல்வரத்தினம் அண்ணையை நான் குறை சொல்லவில்லை. அவர் இடத்தில் நின்றால் நீங்களும் அதைத்தான் நினைத்திருப்பீர்கள்.

இன்னொரு செய்தி. மிச்ச மாடுகளுக்குத் தகடு போட்டுவிட்டோம். கோபப்படாதேங்கோ. ஆனால் அலைகரைக்கு மேலே போன மாதம் புதிதாக எல்லைக்கற்கள் முளைத்திருக்கின்றன. ஆர் நட்டது, எதற்கு நட்டது என்று கேட்டால் ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை. மாடுகள் மேயும் இடத்தை நாங்கள் சொன்னதாலா, அல்லது அது எப்போதோ எங்கோ முடிவானதா? இரவில் படுத்தால் இதுதான் யோசனை. உங்கள் யோசனையை எனக்குத் தந்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

இதை அச்சுக்குக் கொடுக்க முன் சலீம் நானாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு, "நீங்க அண்டைக்கு அங்க இருக்கேல்லையே மகள், இதை எழுதினா உங்களுக்குத்தானே பிரச்சினை?" என்றார். உங்கள் மகனும் அதையே சொன்னார்.

"அச்சில வந்தா பிறகு மாத்தேலாது" என்றும் சொன்னார்.

"ஓம், அதுக்குத்தான்" என்றேன்.

உங்கள் பிள்ளைகளைக் காப்பாற்ற நீங்கள் உண்மையை ஒளித்தீர்கள். உங்களைக் காப்பாற்ற நான் பொய் சொன்னேன். என் பிள்ளைகள் ஒரு நாள் கந்தோர் ஒன்றில் நின்று, எங்களைப் பற்றி இன்னொருவர் வாயால் கேட்டு விறைத்துப் போகக்கூடாது. கச்சேரியிலிருந்து கூப்பிட்டால் உங்கள் மகனையோ சலீம் நானாவையோ முன்னுக்கு விடமாட்டேன். இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு நான்தான் போவேன். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவேன். நடந்ததை நடந்தபடி நான் அங்கே சொல்வதை அவர்களும் பக்கத்தில் நின்று கேட்கட்டும்.

இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

நீங்கள் 'பிள்ளை' என்று கூப்பிட்ட மருமகள்,
சுகந்தி